அரைக் குவளை சோப்புத் தண்ணீர்

அழியாப் புகழின் விலை அரைக் குவளை சோப்புத் தண்ணீர், ஐயா. அதற்கு மேல் யார் சொன்னாலும் பேரம் பேசுங்கள்.

நான் கைப்பேசி பழுது பார்க்கிறவன். பொழுதுபோக்குக்கு இணையத்தில் கிடார் ரசிகர்கள் குழு ஒன்றை நடத்துகிறேன். உறுப்பினர்கள் தனியாக வாசித்து அனுப்பியதில் சிறந்த கிடார் சோலோ எது என்று ஒரு வாரம் வாக்கெடுப்பு வைத்தேன். கடைசிச் சுற்றில் இரண்டு பேர்: ஒருவன் நெட்டை என்று குழுவில் எல்லோரும் கூப்பிடுகிறவன், இன்னொருவன் என் மனைவியின் தம்பி. வெல்கிறவர் அடுத்த மாதம் பெரிய மேடையில் அதை வாசிக்கலாம். மச்சான் பத்து வருடமாக யாரோ பாடப் பின்வரிசையில் நின்று வாசிக்கிறவன். இதை விட்டால் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

கள்ள வாக்கு எனக்கு ஆகாது. ஒரு கைப்பேசிக்கு ஒரு வாக்கு என்று நானே விதி எழுதினேன். இன்றுவரை மீறவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் பழுதுக்கு வந்த கைப்பேசிகள் பதினேழு கிடந்தன. திரை மாற்றினால் தொட்டுப் பார்த்துத்தானே ஆக வேண்டும். மச்சான் பெயரைத் தொட்டுப் பார்த்தேன்.

நெட்டையின் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் முப்பது வாக்கு முன்னால் போய்விட்டான். அன்றிலிருந்துதான் கடைப் படியைக் கழுவ ஆரம்பித்தேன். சுத்தமாக இருப்பது ஒரு குற்றமா? ஏறுகிறவர்கள் வழுக்கினார்கள், கைப்பேசி விழுந்தது, நான் ஓடிப்போய் எடுத்தேன், கூலியில் பாதி தள்ளிக் கொடுத்தேன். எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும், "என்னப்பா, உன் படில விழறதுக்கு டோக்கன் குடுக்கணும் போலிருக்கே" என்றார். மறுநாள் அவரே விழுந்தார், இடுப்பு. அவர் கைப்பேசியின் வாக்கும் நமக்குத்தான்.

கடைசி நாள், முடிவதற்குப் பத்து நிமிடம். இருவருக்கும் நானூற்றுப் பதினொன்று. அப்போது மச்சான் வந்தான். இன்னும் வாக்குப் போடவில்லையாம்.

"சட்டுனு போட்டுரு மச்சான்."

"நெட்டைக்குத்தான் போடப்போறேன் அத்தான். என்னைவிட அவன் நல்லா வாசிச்சிருக்கான். என் போனுக்கு இங்க சிக்னல் இல்ல, வெளிய போய்ப் போட்டுட்டு வரேன்."

இப்படி ஒரு நல்லவனை வைத்துக்கொண்டு யார்தான் முன்னுக்கு வர முடியும்? தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, அரைக் குவளை சோப்புத் தண்ணீரைப் படியில் ஊற்றினேன். கைப்பேசி விழும், நான் எடுப்பேன். என் திட்டம் அவ்வளவுதான். அவனோ வழுக்கி விழும்போது கைப்பேசியை வலது கையில் உயரத் தூக்கிக்கொண்டு, தந்தியை அழுத்துகிற இடது கையை ஊன்றிவிட்டான். கைப்பேசியில் ஒரு கீறல் கிடையாது.

"விரல் நகரல அத்தான். ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க" என்று அதைத் திறந்தே என்னிடம் நீட்டினான்.

சொன்னேன். வாக்குப் போட்ட பிறகு. வாக்கை உறுதிசெய்யும் எண் அந்தக் கைப்பேசிக்கு வர நான்கு நிமிடம் ஆனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

வெற்றிச் சேதியை ஆஸ்பத்திரியில் நான்தான் அவனிடம் சொன்னேன். என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "மேடைல யாரு அத்தான் வாசிக்கிறது?" என்று கேட்டான்.

அதையும் யோசித்துவிட்டேன், ஐயா. நெட்டையைக் கூப்பிடலாம். அவன் நன்றாக வாசிப்பான்.

முடிவு இது: மச்சானுக்கு நானூற்றுப் பன்னிரண்டு, நெட்டைக்கு நானூற்றுப் பதினொன்று. இடுப்பு ஒன்று. அசையாத விரல்கள் மூன்று. கள்ள வாக்கு, ஒன்றுகூட இல்லை.