வேறு படத்துச் சுபம்

— எழும்பிப் போறாளாம்! ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, மணவறையில இருந்து எழும்பி வாசலால போறாளாம்! ஜெகா, இதைப் பாக்கவோ ஆத்தைக் கடந்து லொங்குய்ய் தியேட்டர் வரைக்கும் வந்தனாங்கள்?

— மெல்லக் கதையுங்கோ. மெற்றோவில சனம் பாக்குது.

— பாக்கட்டும். முப்பத்திரண்டு வருசமாத் தலையில வைச்சுக் கொண்டாடின படம். ‘பின்னோக்கி ஒரு முகூர்த்தம்’. அதைப் புதுசா எடுக்கிறம் எண்டிட்டு முடிவிலையே கை வைச்சிட்டாங்கள், கோதாரி விழுவார். நான் வரேல்லை எண்டுதானே சொன்னனான்? நீதான் ஒற்றைக்காலில நிண்டனீ.

— ஓம், நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். ஏன் வண்டி நிண்டுட்டுது?

— அடுத்த ஸ்ரேசனில ஆருக்கோ தலைச்சுத்தாம். ஒலிபெருக்கியில பிரெஞ்சில சொன்னவள். பத்து நிமிசமாம்.

— அப்ப இப்ப எங்களுக்கு மேல முழுக்க ஆத்துத் தண்ணி.

— உதை நினைக்காதை. மூச்சு முட்டும்.

— எனக்குப் பழகிப்போச்சு.

— வாட்ஸ்அப் குறூப்பில என்ன சொல்லுகினம்? வாசி, கேப்பம்.

— எழுபத்தெட்டு மெசேஜ். ரொக்ஸ்பரோ மதுஷன், “என்ர சின்ன வயசை நாசமாக்கிப் போட்டாங்கள்” எண்டு போட்டிருக்கிறான்.

— சரியாச் சொன்னான். எங்கட வீடியோக் கடைக் கசெற்றில வளந்த பெடியன்.

— துறைமுகத்தில வேலை செய்யிற இரவிச்சந்திரன் அண்ணை அஞ்சு நிமிசத்துக்குப் பேசி அனுப்பியிருக்கிறார். கதாநாயகி சாருமதி அந்தச் சுவர் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பித் திருப்பி மூண்டு தரம் தன்ர கலியாண நாளுக்கே போறாளாம். மூண்டாந்தரமும் மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்கிறானாம், மணிக்கூடு நிக்குதாம், சுபமாம். “விதிக்குள்ள போனா வெளியால வரேலாது, அதுதானடா கதை” எண்டு சொல்லேக்கை அழுகிறார்.

— மனிசனுக்குக் கதை விளங்கியிருக்கு.

— துஷாந்தினி மட்டும், “எனக்குப் புது முடிவுதான் பிடிச்சிருக்கு, அவள் எழும்பினது நல்லது” எண்டு எழுதியிருக்கிறா. எல்லாரும் சேந்து அவவைத் தின்னுகினம்.

— தின்னட்டும். நான் போட்டதுக்கு என்ன மறுமொழி?

— “இது துரோகம். இப்படிக்கு, தியா வீடியோ தியாகராசா.” நூற்றிப்பத்துப் பேர் கைகூப்பியிருக்கினம்.

— பாத்தியோ.

— பொறுங்கோ, இன்னும் இருக்கு. வாற மாசம் மண்டபம் எடுத்துப் பழைய கசெற்றைப் பெரிய திரையில போடப்போகினமாம். ‘உண்மையான முடிவு’ எண்டு நோட்டீசும் அடிக்கினமாம். நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். பொன்னாடையும் இருக்காம்.

— உதெல்லாம் எதுக்கு எனக்கு? வேண்டாமெண்டு எழுதிவிடு.

— ஏன், நல்ல விசயம்தானே?

— எக்ஸ்கியூஸ் மி ஆன்ட்டி. சாரி, ஒட்டுக் கேக்கல, முடிவு பத்திப் பேசினது மட்டும் காதுல விழுந்துச்சு. நானும் அதே ஷோதான். என் பேரு கயல். சென்னை. இங்க ஐடில வேலை.

— இரும் பிள்ளை, இப்பிடி இரும். நீரே சொல்லும். முடிவைக் கெடுத்துப்போட்டாங்களோ இல்லையோ?

— கெடுக்கலையே அங்கிள். பழைய படத்துலயும் அவ எழுந்துதான போவா.

— ஆர் சொன்னது?

— எங்க அம்மா. காலேஜ் கட் அடிச்சிட்டு நாலு தடவை பாத்தாங்களாம். கடைசி பதினெட்டு நிமிஷம் மண்டபத்துலேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாலையோட நடந்தே போவா. ஒரு வசனம் கிடையாது. தியேட்டர்ல விசில் காதக் கிழிக்குமாம்.

— அம்மாவுக்கு வயசு போயிட்டுதெல்லே. மாறிச் சொல்லியிருப்பா.

— அம்பத்திமூணுதான் அங்கிள். என் பாஸ்வேர்டெல்லாம் அம்மாதான் ஞாபகம் வெச்சிருக்காங்க.

— நெட்டில கிடக்கே படம், போய்ப் பாரும். எழும்ப மாட்டாள்.

— அதான் பிரச்சினையே! பிரிண்ட் எதுவும் மிஞ்சலையாம். நெட்ல இருக்கறது ஒரே ஒரு காப்பி. ஏதோ பழைய கேசட்லேர்ந்து ஏத்தினது. அடியில ‘தியா வீடியோ, மொன்றியல்’னு ஃபோன் நம்பரோட ஓடிட்டே இருக்கும். கீழ கமெண்ட்டப் படிங்க, ஊரே திட்டுது. “எவன்டா அந்தத் தியா, பதினெட்டு நிமிஷத்த முழுங்கினவன்”னு.

— இவர்தான் பிள்ளை.

— எவரு ஆன்ட்டி?

— அந்தத் தியா.

— ஐயோ. சாரி அங்கிள். சத்தியமாத் தெரியாது.

— பரவாயில்லை. கசெற் நீளம் போதாமப் போயிருக்கும். அந்த நேரத்துக் கசெற் உப்பிடித்தான். நாங்கள் என்ன செய்யிறது?

— கசெற் நீளம் காணாட்டி படம் பாதியில அறுந்தெல்லே நிக்கும், இஞ்சாருங்கோ. இது சுபம் எண்டு வடிவா முடியுதே.

— ஆமால்ல. அந்தச் சுபம் எழுத்துகூட வேற மாதிரி… ஆன்ட்டி, நான் அந்தக் கடைசில போய் நின்னுக்கறேன். பாட்டு கேட்டுட்டு இருக்கேன்.

— ஓம் பிள்ளை. குறை நினைக்காதையும்.

— ஜெகா.

— சொல்லுங்கோ.

— என்னத்தைச் சொல்ல?

— வண்டி நிக்குது. கதவும் பூட்டு. நீங்களும் எங்கயும் போகேலாது, நானும் போகேலாது. ஆறுதலாச் சொல்லுங்கோ.

— விசர்க் கதை கதையாதை.

— சரி, நான் கதைக்கேல்லை.

— தொண்ணூற்றிமூண்டு பெப்ரவரி. சிங்கப்பூரில இருந்து மாஸ்ரர் கசெற் வந்தது. கடையைப் பூட்டிப்போட்டு நான் தனிய இருந்து பாத்தனான். நீ கலியாணம் முடிச்சு வந்து எட்டு மாசம். உன்ர பெட்டி இன்னும் கதவடியில நிண்டது. ஒரு சீலையை எடுப்பாய். உடுத்துத் தோய்ச்சுக் காயவைச்சு, மடிச்சுத் திரும்ப அதுக்குள்ளையே வைப்பாய். அலுமாரியில பாதியை உனக்கெண்டு வெறுமையா விட்டிருந்தனான். ஒரு கைலேஞ்சித் துண்டுகூட அதில நீ வைக்கேல்லை.

— ஓம்.

— உந்தப் படம் வந்திட்டுதோ, வந்திட்டுதோ எண்டு கிழமைக்கு ஒருக்காக் கேப்பாய். என்னட்ட நீ வாய் திறந்து கேட்டது அது ஒண்டைத்தான். அதைத்தான் போட்டுப் பாத்தன். அவள் எழும்பினாள், ஜெகா. எழும்பித் திரும்பிப் பாராமல் நடக்கிறாள். எனக்குக் கதவடியில நிண்ட அந்தப் பெட்டிதான் கண்ணுக்கு முன்னால வந்தது.

— அதுக்கு?

— அவன் தாலியை எடுக்கிற இடத்தில நிப்பாட்டினன். வேற ஒரு படத்துச் சுபத்தை எடுத்து மாஸ்ரருக்கு மேலையே பதிஞ்சன். மிச்சத்தை அழிச்சன். உனக்குக் காட்ட மட்டுமெண்டுதான் செய்தது. பேந்து சனம் வந்து கேக்கேக்கை, இருந்தது அது ஒண்டுதானே. அதில இருந்துதான் எல்லாருக்கும் கொப்பி அடிச்சுக் குடுத்தன்.

— மொன்றியல் முழுக்க.

— மொன்றியல் முழுக்க.

— இரவிச்சந்திரன் அண்ணை முப்பத்திரண்டு வருசமா அழுகிறார், பாவம்.

— பகிடி பண்ணாதை. அண்டைக்குப் பின்னேரம் உனக்குப் போட்டுக் காட்டினன். அடுத்தநாள் காலமை பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைச்சாய். அப்ப நான் நினைச்சன்…

— வெண்டுட்டன் எண்டு.

— ஓம்.

— அண்டைக்கு நீங்கள் நல்ல ரொட்டி சுட்டுத் தந்தனீங்கள். ஞாபகம் இருக்கு.

— இப்ப நீ சொல்லு. அண்டைக்கு முழுசாக் காட்டியிருந்தா எழும்பிப் போயிருப்பியோ?

— கொழும்பில விசாவுக்கு நிண்ட மூண்டு மாசத்தில, நான் அந்தப் படத்தை வெள்ளவத்தையில ரெண்டு தரம் பாத்தனான்.

— முழுசாவோ?

— முழுசா. பஸ் ஸ்ராண்டு வரைக்கும்.

— பாத்த படத்தையோ கிழமைக்குக் கிழமை கேட்டனீ?

— நீங்கள் பாக்கவேணும் எண்டு கேட்டனான். பாத்திட்டும் எனக்கு முழுசாக் காட்டுற மனிசனெண்டா, அலுமாரியில சீலையை அடுக்குவம் எண்டு இருந்தனான்.

— அடுக்கினனீதானே! பெட்டியை மேல வைச்சிட்டு அலுமாரியில உடுப்பு அடுக்கினதை என்ர கண்ணால கண்டனான்.

— அது இஞ்ச வாங்கின உடுப்பு. பெட்டிக்குள்ள இருந்தது இருந்தபடிதான் இருந்தது.

— மூண்டு வீடு மாறினம். நான்தானே தூக்கினனான். பழைய கம்பளி எண்டெல்லோ சொன்னனீ.

— நீங்கள் திறந்து பாக்கேல்லையே.

— பயத்தில, ஜெகா.

— தெரியும்.

— அப்ப ஒருக்கா வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்னை? இவ்வளவு வருசம்?

— நீங்களாச் சொல்லவேணும் எண்டு இருந்தனான்.

— இண்டைக்குச் சொல்லிப்போட்டன்தானே.

— படம் முடிஞ்சு வெளிச்சம் வந்த உடன சொல்லுவியள் எண்டு உங்கட முகத்தைப் பாத்தனான். நீங்கள் போனை எடுத்துத் ‘துரோகம்’ எண்டு எழுதினியள்.

— ஆன்ட்டி! கிளம்பிடுச்சு!

— ஓம் பிள்ளை, நல்லது.

— வா ஜெகா, இறங்கி வீட்டை போவம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எல்லாத்தையும் கதைப்பம். அந்தப் பெட்டியை நானே இறக்கித் தாறன். இண்டைக்கே ரெண்டு பேருமாத் திறப்பம்.

— இறக்கீட்டன், இஞ்சாருங்கோ. காலமை நீங்கள் குளிக்கேக்கை. கூறைச்சீலை மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு கிடந்தது. பழசெல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு, அந்தப் பெட்டிக்குள்ள புதுசா நாலு உடுப்பு அடுக்கி வைச்சிருக்கிறன்.