பன்னிரண்டு அடுக்குப் பாவாடை

பிஸ்கட் வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், தூள் கொட்டும். டீ மட்டும் போதும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், பாலே குழுவின் நாயகியோடு கடைசியாக இருந்தது நான்தான். அதை நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கேட்டீர்கள், உடனே சொல்லிவிட்டேன்.

அவர் இப்போது எங்கே என்பது உங்கள் அடுத்த கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் இடத்தை முதலில் சொன்னால் நீங்கள் எல்லோரும் எழுந்து ஓடுவீர்கள். ஓடிப்போய் அவசரத்தில் ஏதாவது செய்துவைப்பீர்கள். அதனால் முறையாக வருகிறேன். இந்த அரங்க மேலாளர் அறைக் கடிகாரம் சரியாக ஓடுகிறதென்றால் இப்போது மூன்றேகால். அடுத்த ஆட்டம் ஐந்து மணிக்கு. நேரம் இருக்கிறது.

நான் கொசுவலை ஆலையில் ஓரம் தைக்கும் பிரிவில் இருக்கிறேன். பத்தொன்பது வருடமாக. எங்கள் தையல் மற்ற தையல் போல இருக்காது. ஒவ்வொரு கண்ணியும் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் அடுத்ததற்குப் போகும். ஒன்று அறுந்தாலும் பக்கத்தில் இருப்பது விடாது. வலையில் ஒரே ஒரு ஓட்டை விழுந்தால் அது வலையே இல்லை என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். நல்ல மனிதர். அவருடைய அறையில் ஒரு நூல் கம்பெனி நாட்காட்டி தொங்கியது. அதில்தான் டூட்டூவை முதன்முதலில் பார்த்தேன்.

வாக்குமூலம் எழுதுகிறவர் நிறுத்திவிட்டார். டூட்டூ என்றால் பாலே ஆடுகிறவர்கள் இடுப்பில் கட்டும் பாவாடை. கீழே தொங்காது. தட்டு மாதிரி சுற்றிலும் நேராக நிற்கும். உள்ளே பன்னிரண்டு அடுக்கு வலை. எங்கள் ஆலையில் ஒரு நாளைக்கு நானூறு வலை தைக்கிறோம், எல்லாம் தொங்குகிற வலை. நிற்கிற வலையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வருடம் முடிந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பாவாடையை மட்டும் வெட்டி எடுத்து என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன். போட்டிருந்த பெண்ணை வெட்டிக் குப்பையில் போட்டேன். அவர் தேவைப்படவில்லை.

பிறகு நானே தைக்க ஆரம்பித்தேன். ஆலையில் கழித்துக்கட்டும் வலைத் துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். நான் அக்கா வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். நான்கு வருடத்தில் பதினொன்று தைத்தேன். ஒவ்வொன்றையும் ஆணியில் மாட்டுவேன். மாட்டிய அன்று நேராக நிற்கும். ஒரு வாரத்தில் நனைந்த கோழி மாதிரி ஆகிவிடும். கஞ்சி போட்டுப் பார்த்தேன், கம்பி கோத்துப் பார்த்தேன். பதினொன்றும் சரிந்தன. பெற்ற பிள்ளை கண்ணெதிரே இளைத்துப்போவதைப் பார்ப்பது போல இருந்தது. அக்கா ஒரு நாள் துணி காயப்போட மேலே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "உன் பாவாடையெல்லாம் உன்ன மாதிரியே முகத்தத் தொங்கப்போட்டுட்டு நிக்குதுடி" என்றாள். அத்தான் கீழேயிருந்து சிரித்தார். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நகரத்துக்குப் பாலே குழு வருகிறது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றுக்கு ஓர் ஆட்டம், சாயங்காலம் ஐந்துக்கு ஓர் ஆட்டம். தனியாக அனுப்ப அக்காவுக்கு மனசு வரவில்லை. "இடுப்புல குடையக் கட்டிக்கிட்டு குதிக்கிறதப் பாக்க இவ்வளவு தூரமா" என்று பேருந்தில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். விளக்கு அணைந்ததும் தூங்கிவிட்டாள். அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை.

நான் மூன்றாவது வரிசை. நடனத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. யாரோ ஓர் இளவரசன் எதற்கோ அழுதான். நான் பார்த்தது பாவாடைகளை. பதினேழு. அதில் நடுவில் வந்தது நாயகியுடையது. வெள்ளை, ஓரத்தில் மட்டும் லேசான சாம்பல் நிறம். அவர் சுழலும்போது அது ஒரு நொடி பின்தங்கி, பிறகு வந்து சேர்ந்துகொண்டது. அந்த ஒரு நொடி அது அவருடையதாக இல்லை. அதைப் பார்த்தவள் அந்த அரங்கத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இடைவேளையில் மேடையின் பக்கவாசலுக்குப் போய், ஒரு பாவாடையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று காவலாளியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நேரம் உடைக்காரம்மா வெளியே வந்தார். குழுவின் உடைகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். வலது கையில் தையல் இயந்திர ஊசி இறங்கி ரத்தம் சொட்டியது. உதவிக்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நாயகியின் பாவாடையோடு சேர்ந்த பட்டு மேல்சட்டையில் முதுகுக் கொக்கிகள் பிய்ந்துவிட்டன, மணி அடிக்கப் பத்து நிமிடம். யாருக்காவது தைக்கத் தெரியுமா என்று அவர் காவலாளியிடம் கேட்டார். நான் தெரியும் என்றேன். நான் அழைக்கப்பட்டுத்தான் உள்ளே போனேன் மேடம், நுழைந்துவிடவில்லை.

நாயகியை நிற்க வைத்து, பிரிந்த உடையை முதுகில் இழுத்துச் சேர்த்துத் தைத்தேன். கொக்கி பிய்ந்தால் அப்படித்தான் செய்வார்களாம், ஆட்டம் முடிந்ததும் பிரித்துவிடுவார்களாம். எட்டு நிமிடத்தில் நாற்பது முடிச்சு. எங்கள் ஆலை முடிச்சு. உடைக்காரம்மா அசந்துபோனார். "உங்க கைக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றார். பிறகு மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில், எல்லாவற்றுக்கும் காரணமான அந்த வார்த்தையைச் சொன்னார். அவர் வாயால் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "முடிஞ்சதும் நீங்களே பிரிச்சு மாட்டிருங்க. எப்பவும் தலைகீழாத்தான் மாட்டணும். நிமிர்த்தி மாட்டினா அடுக்கெல்லாம் சரிஞ்சுரும். படுக்கவும் போடக் கூடாது. மாட்டி, துணிப் பையப் போட்டு, லைட்ட அணைச்சிருங்க."

தலைகீழாக. நான்கு வருடம், பதினொரு பாவாடை. ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் நிமிர்த்தி மாட்டி நிமிர்த்தி மாட்டி அவற்றை என் கையாலேயே கொன்றிருக்கிறேன். ஆட்டத்தின் இரண்டாம் பாதியை நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

ஒன்றேகாலுக்குத் திரை விழுந்தது. மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நாயகி அறைக்கு வந்தார். வந்ததும் உட்கார்ந்தார்.

நாற்காலியில், மேடம். பாவாடையோடு. பன்னிரண்டு அடுக்கும் பின்பக்கம் மடங்கியது. வலை மடங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்காது. முன்பக்கம் மேலே எழும்பி நின்றதல்லவா, அதை மேசை மாதிரி வைத்துக்கொண்டு அதன்மேல் கைப்பேசியையும் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்தார். உரித்தார்.

எழுந்துகொள்ளுங்கள், பிரித்துவிடுகிறேன் என்று பணிவாகச் சொன்னேன். எவ்வளவு நேரமாகும் என்றார். இந்த முடிச்சை வெட்டினால் பட்டு கிழியும், ஒவ்வொன்றாக ஊசியால் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். நல்ல சுபாவம். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. "ஒரு மணி நேரமா? கால் செத்துப்போச்சுக்கா. அஞ்சு மணிக்கு மறுபடி இதத்தானே போடணும். கழட்டவே வேணாம், நான் இப்படியே கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றார்.

மூலையில் ஒரு சோபா இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

என் நிலையில் இருந்து யோசியுங்கள். பாவாடையைப் படுக்கப் போடக் கூடாது. நிமிர்ந்தும் இருக்கக் கூடாது. தலைகீழாக மாட்டச் சொல்லிப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதிலிருந்து நாயகியை எடுக்க முடியாது. எனக்கு அவர்மேல் எந்த மனத்தாங்கலும் இல்லை. அவர் உள்ளே இருந்தார், அவ்வளவுதான். சட்டைப் பையில் ஏதோ இருக்கும்போதே சட்டையைக் கொடியில் போடுவதில்லையா, அது மாதிரி.

அவரை நான் ஏமாற்றவில்லை. முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன். பிடுங்கியெடுக்கிறது என்றார். தலைகீழாகத் தொங்கினால் முதுகெலும்பு நன்றாக நீளும் என்றேன். அது உண்மைதானே. "எங்க மாஸ்டரும் இதையேதான் சொல்வாரு" என்று அவரே எழுந்து வந்தார். சாமான் ஏற்றும் லிப்டில் இறங்கினோம். லிப்டில் எனக்குப் பாதி ஆரஞ்சு கொடுத்தார்.

எந்தத் தளம் என்று கேட்கிறீர்கள். வருகிறேன்.

உடைக் கிடங்கு அறைகளில் பாவாடைகளை உத்தரத்துக்கு ஏற்றக் கப்பியும் கயிறும் இருக்கின்றன. என் பையில் எப்போதும் வலை ஓரப்பட்டி இருக்கும். அதை அவர் கணுக்காலில் நான்கு சுற்றுச் சுற்றினேன், கயிறு உரசக் கூடாதென்று. அப்படி யோசிக்கிறவளைக் கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொல்வார்களா. ஆலையில் ஐம்பது கிலோ வலைக் கட்டைத் தினமும் ஏற்றுகிறேன், இவர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஏற்றும்போது சிரித்துக்கொண்டே போனார். "உங்க முகம் இப்படிப் பாக்க நல்லாருக்குக்கா" என்றார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மேலே போனதும் அந்த அடுக்குகள், மேடம், மடங்கியிருந்த பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து தம் இடத்தில் சேர்ந்தன. நான் கயிற்றைக் கட்டிவிட்டு அப்படியே நின்றேன். அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு நிமிடம் கழித்து, போதும் இறக்குங்கள் என்றார். நாலரைக்கு இறக்குகிறேன், அதற்குப் பிறகும் உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். பிறகு பையைப் போட்டேன். பருத்திப் பைதான், காற்று நன்றாகப் போகும். கீழேயிருந்து மேலே ஏற்றி, கணுக்காலுக்குப் பக்கத்தில் சுருக்கை இறுக்கினேன். முதலில் என்னைத் திட்டினார். பிறகு அக்கா, அக்கா என்றார். விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன், ஆடினால் ஓரம் சுவரில் உரசுமே என்ற கவலை. ஆட்டம் நின்றது. பேச்சும் நின்றது. தூங்கிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அவர் கேட்டதும் அதைத்தானே.

வெளியே அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கடி தொலைஞ்ச, கக்கூஸ்ல வழுக்கி விழுந்துட்டியோன்னு பாத்தேன்" என்றாள். உணவகத்தில் நன்றாகவே சாப்பிட்டேன். நாலரைக்கு வேலை இருக்கிறதே என்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பொறுப்பில்லாதவள் என்றால் அப்போதே ஊருக்குக் கிளம்பியிருப்பேன். நாயகியைக் காணோம் என்று ஆட்கள் ஓட ஆரம்பித்தபோது, அக்காதான் எழுந்து நின்று, "என் தங்கச்சிதான் அவங்களுக்குத் தச்சு விட்டா" என்று பெருமையாகச் சொன்னாள். நான் ஏதோ செய்தேன் என்று அவள் பெருமைப்பட்டது இதுதான் முதல் தடவை. அதனால் அவளை வெளியே அதட்ட வேண்டாம்.

உங்கள் ஆட்கள் அந்த அறையையும் திறந்து பார்த்திருப்பார்கள். தரையில் பார்த்திருப்பார்கள், கதவுக்குப் பின்னால் பார்த்திருப்பார்கள். மேலே தொங்குவதெல்லாம் பாவாடை என்று விட்டிருப்பார்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

மேடம், எழுந்திருக்காதீர்கள். எழுதுகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள். கீழே இரண்டு தளம், இருபத்தெட்டுக் கதவு, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இந்த அரங்கத்தின் பழைய நாடக உடைகளும் சேர்ந்து, ஒவ்வோர் அறையிலும் உத்தரம் முழுக்க வெள்ளைப் பை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் மற்ற பாவாடைகளும் கசங்கும், நேரமும் போகும். கதவு எண் எனக்குத் தெரியும். சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நான் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. அவசரப்பட்டு முதுகுத் தையலை வெட்ட வேண்டாம். ஓர் ஊசி கொடுத்தால் நானே பிரிக்கிறேன், ஒரு மணி நேரம்தான், அதுவரை அவரை அப்படியே தொங்க விட்டுவைக்கலாம். வெட்ட மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேடம். எழுதித் தர வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.