ஓ-ரிங்கில் ஒரு முடி

தலைமுடி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நிறையக் கொட்டும். இந்தப் பக்கத்துத் தண்ணீர்தான் காரணம் என்று எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே சொல்வார்கள். சீப்பில் வரும், தலையணையில் வரும், சில நாள் வஞ்சிர மீன் குழம்பிலும் வரும். என் வீட்டுக்காரர் சவரிநாதன் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்த கதையைத் தொடர்வார். தங்கமான மனிதர்.

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். ராயபுரத்துப் பழைய வீட்டில் மூன்று மாடி ஏறுவதற்குள் யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். யசோதரா என்று காக்கிச் சட்டையில் போட்டிருக்கிறதே, வியாசர்பாடியா? பேரைப் பார்த்ததும் நினைத்தேன், அந்தப் பக்கம்தான் புத்தர் வீட்டுப் பேராக வைப்பார்கள். மொஹ்சின் உள்ளே என் வீட்டுக்காரரோடு இருக்கட்டும், இரண்டு பேரும் பேசி ரொம்ப நாளாயிற்று. நீங்கள் கேட்டதை இந்த மேஜையிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் சொன்னால் புரிய வைப்பது கஷ்டம். இங்கே சாமானெல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

இதுதான் ஹவுசிங். கேமரா நனையாமல் கடலுக்குள் போவதற்கான அலுமினியப் பெட்டி. முன்னால் பாதிப் பந்து மாதிரி புடைத்துக்கொண்டிருப்பது டோம். அகலமாகப் பார்க்கிற வைடு லென்ஸுக்கு இதுதான் பொருந்தும். தட்டைக் கண்ணாடி போட்டால் தண்ணீருக்குள் படத்தின் ஓரமெல்லாம் குழம்பிவிடும், அகலமும் குறைந்துவிடும். நம் எண்ணூர்க் கடலோ கலங்கல். தள்ளி நின்று எடுத்தால் கம்மங்கூழ்தான் தெரியும். வைடு லென்ஸை மாட்டிக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போனால்தான் எதுவும் முழுசாகத் தெரியும் என்பார் சவரி. வீட்டுக்கும் அது பொருந்தும் என்று நான் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவார்.

டோமும் பெட்டியும் சேரும் இடத்தில் இந்தக் கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங். அவ்வளவு பெரிய கடலை வெளியே நிறுத்தி வைப்பது இதுதான். இதற்கு கிரீஸ் தடவுவது குழந்தைத் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி. வழியவும் கூடாது, வறளவும் கூடாது. ஒரு மணல், ஒரு நூல் கிடந்தாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சவரி. போகப் போக அவரைவிட நான் சுத்தமாகச் செய்தேன். கோவளத்தில் கடலுக்குள் இறங்குகிறவர்கள்கூட பெட்டியை இங்கே அனுப்புவார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டுதான் மேஜையில் உட்காருவேன். வெளியார் பெட்டியில் ஒரு சொட்டு இறங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சவரிக்கு, துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைப் படம் பிடித்துத் தருகிற வேலை. லீவு நாளில் மொஹ்சினைக் கூட்டிக்கொண்டு ஃபைபர் படகில் எண்ணூர்ப் பக்கம் போய்விடுவார், மூழ்கின கப்பலைத் தேடி. மொஹ்சின் தண்டையார்பேட்டைப் பையன். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். சவரியின் படங்களில் ஒரு வகைக்கு நல்ல பெயர். டோமைப் பாதி மட்டும் தண்ணீரில் அமிழ்த்துவார். மேல் பாதியில் காசிமேட்டுப் படகும் வானமும், கீழ்ப் பாதியில் மீன் கூட்டமும், எல்லாம் ஒரே படத்தில். அந்தப் படங்களில் ஊரே இருக்கும். நான் இருக்க மாட்டேன். குறையாகச் சொல்லவில்லை, எனக்கு நீச்சல் தெரியாது.

என் வீட்டில் யாராவது கடலில் போனார்களா என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை. அப்பா சர்க்கரை வியாதியில் கட்டிலில் போனார். கடல்மேல் எனக்குக் கோபமோ பயமோ கிடையாது. அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பெண்டாட்டி ஆசைப்படக்கூடாததா இது?

முதல் தடவை நடந்தது தற்செயல். துணி கட்ட மறந்துபோன ஒரு நாள். ஓ-ரிங்கின் மேல் என் முடி ஒன்று கிடந்தது. எடுக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே மூடிவிட்டேன்.

கேமரா செத்துப்போயிற்று. சவரிக்கு ரொம்ப வருத்தம். ஆனால் அடுத்து வந்த நாட்கள் மாதிரி எங்களுக்கு எப்போதும் வாய்த்ததில்லை. மெட்ரோ ஏறி விம்கோ நகர் வரைக்கும் சும்மாவே போய் வந்தோம். நண்டு வாங்கிவந்து அவரே மிளகு போட்டு வறுத்தார். பிறகு கூட்டாளிகள் சேர்ந்து வேறு கேமரா பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தடவை டோம். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் ஒரே ஒரு இழுப்பு. கண்ணாடி டோமில் ஆழமாகக் கீறினால் கீறினதுதான். அவர் அக்ரிலிக்கில் ஒன்று வாங்கிவந்தார். இதில் கீறல் விழுந்தாலும் நகத்துக்கு மெருகு போடுகிற மாதிரி தேய்த்துவிடலாம், நீ கவலைப்படாதே என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அப்புறம்தான் அந்தமான் வேலை வந்தது. ஏதோ ஒரு ரிசார்ட்டில், கடலுக்குள் படம் எடுக்கிற வேலை.

"நீயும் வாயேன் ஃப்ளோரா," என்றார். "அங்க தண்ணி கண்ணாடியாட்டம் கீதாம். உனக்கு நீச்சல் நானே கத்துத் தரேன்."

நான் மாட்டேன் என்றேன். வீட்டை யார் பார்ப்பது, கோயில் பாட்டுக் குழுவை யார் பார்ப்பது? சரி, அவர் மட்டும் போய்விட்டு லீவுக்கு வருவதாகச் சொன்னார். துளிக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு பன்னீர் சோடாவைக் குலுக்கித் திறந்து காட்டியிருக்கிறார். ஆழத்தில் சுவாசிக்கிற காற்று ரத்தத்தில் கரைந்துவிடுமாம். மெதுவாக ஏறி, நடுவில் நின்று நின்று வந்தால் ஒன்றுமில்லை. சரேலென்று வந்தால் ரத்தம் அந்தச் சோடா மாதிரி பொங்கிவிடும். என் புடவையெல்லாம் நனைந்துபோனதால் அந்தப் பாடம் மறக்கவே இல்லை.

நான் எதையும் பொறுப்பில்லாமல் செய்யவில்லை மேடம். மொட்டை மாடி டிரம்மில் பழைய பெட்டி ஒன்றை முக்கிப் பார்த்தேன். ஒற்றை முடி போதவில்லை. நிறையச் சுற்றினால் உடனே கசிகிறது. அப்படியென்றால் அவர் இறங்கியதுமே திரும்பிவிடுவார், அடுத்த வாரம் மறுபடி கிளம்புவார். மூன்று சுற்று சரியாக இருந்தது, கசிய நேரம் பிடித்தது. உள்ளே ஈரம் பட்டால் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் கேட்கும். அதற்குப் புது பேட்டரி போட்டேன். காற்று சிலிண்டரை நான் தொடவில்லை. கெடுதல் நினைக்கிறவள் காற்றில்தான் கை வைப்பாள். நான் கேமராவில் மட்டும் வைத்தேன். கேமராவுக்கு ஒன்று என்றால் மனிதர் நடுவில் நிற்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரை அந்த அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் வேறு யாரும் இல்லை.

அந்தமான் கிளம்புவதற்கு முந்தின வாரம் எண்ணூரில் இறங்கியவர், பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்திலிருந்து தக்கை மாதிரி மேலே வந்தாராம். படகிலிருந்த மொஹ்சினிடம் முதலில் கேமராவைத்தான் நீட்டியிருக்கிறார். அவன் பிடிப்பதற்குள் கை நழுவி, தண்ணீர் ஏறின பெட்டி கல்லாட்டம் போய்விட்டது. அதற்கப்புறம்தான், "மொஹ்சினு, காலு எங்க கீதுன்னே தெர்லடா," என்றாராம்.

ஆஸ்பத்திரியில், காற்றழுத்தத்தை ஏற்றி மெதுவாக இறக்குகிற அறையில் வைத்துப் பார்த்தார்கள். முதுகுத் தண்டு கெட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் கிடையாது. காலையில் உடம்பு துடைத்துச் சவரம் செய்துவிடுவேன். தலை வாரிவிடுவேன். மொஹ்சின் சக்கர நாற்காலி கொண்டுவந்தான். மூன்று மாடியில் அது எதற்கு என்று திருப்பி அனுப்பினேன். அவனையும் வர வேண்டாம் என்றேன், பார்த்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும். கண் கெட்டுப்போகும் என்று போனையும் வாங்கி வைத்துவிட்டேன். கோயிலுக்கு வருகிற பெண்கள், கட்டினால் உன்னை மாதிரி ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஃப்ளோரா, அன்னிக்கு ஓ-ரிங் நீதான போட்ட?"

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விளக்கு வெளிச்சம் கூசுகிறது போல.

இந்தப் பெட்டி வலையில் ஏறி வரும் என்று நான் நினைக்கவில்லை. யாரோ காசிமேட்டில் மொஹ்சினிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் திறந்து பார்த்துவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சற்று முன் வாசலில் அவன் கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணி, ஒரு முடி வுழலாம். அதுவா மூணு சுத்து சுத்திக்குமா?"

சுற்றிக்கொள்ளாது. நியாயமான கேள்வி. நான்தான் சுற்றினேன், மேடம். பிரிந்துவிடாமல் இருக்க கிரீஸ் தடவிச் சுற்றினேன். அவர் காலை எடுத்தது நான்தான். செத்தும் போயிருக்கலாம் என்று தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்பினால் செய்தது என்று எழுத உங்கள் சட்டத்தில் இடம் இருக்குமா, தெரியவில்லை.

சரி, கிளம்பலாம். அவரிடம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. என்னைப் பிரிகிறதை அவரால் தாங்க முடியாது. மொஹ்சினே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. கேட்கிறதா மேடம்? சிரிக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இப்போதுதான் சிரிக்கிறார், அதுவும் இவ்வளவு சத்தமாக. நான் எப்படியும் சீக்கிரம் திரும்பி வந்துவிடுவேன் என்கிற தைரியம்தான் அவருக்கு.