கரண்ட் சார் உட்கார்ந்திருந்த நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் கரண்ட் சாரின் துணைவியார் அம்மா அவர்களே, அவருடைய பிள்ளைகளே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் ஓட்டுநர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். மேடைப் பேச்சு எனக்கு வராது. நம் வட்டாரத்தின் மாற்று எரிபொருள் வாகனக் குழுவில் கரண்ட் சாருக்குத் துணையாக இருந்தவள் என்பதால் இந்த இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி இறங்கிவிடுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

கரண்ட் சார்! அவருடைய சொந்தப் பெயரை இன்றைய அழைப்பிதழில்தான் உங்களில் பலர் முதன்முதலாகப் படித்திருப்பீர்கள். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். இந்த மன்றத்தின் வாசலில் மின்வண்டிகளுக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வாங்கியும் காட்டினார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தொலைநோக்காளர் என்றார்கள். பசுமை நாயகர் என்றார்கள். அந்த நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டிக் கல்வெட்டும் வைக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். பலத்த கைத்தட்டல்! நானும் தட்டியிருப்பேன். போன மாதம் இதே மண்டபத்தில், அந்த நிலையத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று இதே தலைவர் பேசியதைக் கேட்காமல் இருந்திருந்தால்! கல்வெட்டை எங்கே பதிப்பீர்கள், ஐயா? சார்ஜிங் கம்பத்தைப் பிடுங்கிய குழியிலா?

எடுப்பதற்கு என்ன காரணம் சொன்னார்கள்? "அங்க யாருமே சார்ஜ் போட வர்றதில்லை."

ஆரம்பத்தில் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டார்களா? ரிப்பன் வெட்டிய மறுநாளே அந்த இடத்தில் ஒரு டீசல் கார் நின்றது. அதற்கடுத்த நாள் இரண்டு. தரையில் பச்சை வண்ணம் பூசியிருந்ததால், முக்கியப் பிரமுகர்கள் வண்டி நிறுத்தும் இடம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். சார்ஜிங் வயரில் ஒருவர் ஈரக் குடையைத் தொங்கவிட்டிருந்தார். வண்டியே நுழைய முடியாத இடத்துக்கு வண்டி வரவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

கரண்ட் சார் மனு எழுதிப் பார்த்தார். பலகை வைத்துப் பார்த்தார். ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, அந்தப் பச்சை இடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மின்வண்டி வந்தால் எழுந்து வழிவிடுவார். மற்ற வண்டி வந்தால் பேப்பரைப் புரட்டுவார்.

"ரெண்டே நிமிஷம் சார், இதோ வந்துடறேன்" என்பார்கள்.

"ரெண்டு நிமிஷம்னு சொன்னவன் எல்லாம் சினிமா பாத்துட்டுத்தாம்பா வர்றான்" என்பார்.

ஒருமுறை நகர்மன்றத்தின் காரே வந்தது. "தலைவர் வண்டிங்க சார்" என்றார் டிரைவர். "தெரியுது தம்பி. நல்லா இருக்கிறவன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஏறிப் படுத்துக்கிட்டா, நோயாளி எங்கப்பா படுப்பான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தீர்கள். "என்ன சார், வாட்ச்மேன் வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்டவர்களில் சிலர் இந்த மேடையிலும் இருக்கிறார்கள். அவர் மேல் அடித்த வெயில் யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் வண்டிகள் வர ஆரம்பித்தன. யாருமே வருவதில்லை என்று போன மாதம் இங்கே பேசிய அன்றும் வந்தன. இடம் காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் ஷேர் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். பள்ளி வேன் ஓட்டும் ஒரு தங்கை, "அண்ணே, நீங்க இருப்பீங்கன்னா வாங்கறேன்" என்று சொல்லி, கடன் போட்டு மின்வேன் வாங்கினாள். "நான் இல்லாட்டி என் நாற்காலி இருக்கும், தைரியமா வாங்கும்மா" என்றார்.

நான் எதையும் எளிதில் நம்புபவள் இல்லை. "இந்த மின்சாரமும் நிலக்கரியில்தானே சார் வருது?" என்று அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வாஸ்தவம் மேடம். முதல்ல பள்ளிக்கூட வாசல்ல புகையை நிறுத்துவோம். அப்புறம் ரெண்டு பேருமா அனல் நிலையத்துக்குப் போய்ச் சண்டை போடலாம்" என்றார். அவருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. போன வாரம் இதயம் நின்றுவிட்டது.

நேற்று சார் வீட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "கல்யாணம் ஆனதுல இருந்து என் பக்கத்துல உக்காந்ததைவிட அந்தக் கம்பத்துப் பக்கத்துலதான்மா அதிகம் உக்காந்திருப்பாரு. அதையும் பிடுங்கிட்டா, அவரு எதுக்கு உக்காந்தாருன்னு நான் நினைச்சுக்கறது?"

இதற்குப் பதில் சொல்லாமல் எந்தக் கல்வெட்டும் வேண்டாம்.

மேடையைப் பாருங்கள். அவருடைய படத்தைப் பூ வைத்து எதன்மேல் நிறுத்தியிருக்கிறீர்கள்? அந்தச் சிவப்பு நாற்காலியின் மேல். மரியாதை என்று நினைத்துத்தான் யாரோ உள்ளே எடுத்து வந்திருக்கிறார்கள். நாற்காலி உள்ளே வந்ததும் வெளியே என்ன ஆயிற்று தெரியுமா? நான் வரும்போது பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் பள்ளி வேன் காத்திருக்கிறது. அந்தத் தங்கை இந்தக் கூட்டத்துக்குள் வரவில்லை. வண்டியை விட்டு எப்படி வருவாள்?

உறுதிமொழி எடுப்போம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. என்னுடையதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா, உங்கள் அனுமதியோடு படத்தை இந்த மேசைக்கு மாற்றுகிறேன். நாற்காலியை வாசலுக்குக் கொண்டு போகிறேன். இன்று நான் உட்காருகிறேன். கல்லூரி இருக்கும் நாட்களில் யார் உட்காருவது என்று இங்கே இருப்பவர்கள் பேசி முடிவு செய்யுங்கள். கம்பத்தை எடுக்க வருபவர்கள் முதலில் எங்களைத் தூக்கட்டும்.

தலைவர் அவர்களே, அந்த வெள்ளைக் கார் உங்களுடையது. தயவுசெய்து டிரைவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் என்று சொல்லாதீர்கள். பள்ளி விடும் நேரம் ஆகிறது.