துடைத்து வைத்த தட்டு

சியாவோசி: "வானத்துப் புறாக்களே, கடலோரப் பாறைகளே, செவி கொடுங்கள்! இந்தத் தீவு தண்ணீரிலிருந்து தலை தூக்கிய நாள் முதலாய் நிகழாத மாபெரும் நிகழ்வொன்றை, மூன்று கிராமங்களும் கேட்க, இதோ அறிவிக்கிறேன்..."

லூபே: மூணு கிராமம் எங்க இருக்கு? இங்க நானும் தேங்காய்த் துருவியும்தான் இருக்கோம்.

சியாவோசி: ஒத்திகைடி! நாளைக்கு ஊர்ச்சபையில பேசணும். குறுக்க பேசாத. "நமது பள்ளியின் அணையா விளக்கு, கடல் கடந்து வந்த பலாங்கி வாத்தியார் கார்த் அவர்கள், இன்னும் ஓராண்டு நம்மோடு தங்க வேண்டுமென..."

லூபே: எங்க தங்கணும்?

சியாவோசி: நம்ம ஊர்ல.

லூபே: ஊர்லன்னா... எந்த வீட்ல?

சியாவோசி: இதென்ன கேள்வி? ஊர்ப் பேச்சாளன் வீட்ல. பின்ன எனக்குப் போட்டியாப் பேசுற அந்த மெலெகி வீட்லயா?

லூபே: தங்கட்டுமே! தங்கி மெலெகியையே தின்னு தீர்க்கட்டும்.

சியாவோசி: மெல்லப் பேசுடி. சுவரில்லாத வீடு.

லூபே: நேத்து அவருக்கு என்ன வச்சேன் தெரியுமா? முழு மீனு. ஈரப்பலா பாதி. கிழங்கு. சேம்பிலையில கட்டிச் சுட்ட தேங்காய்ப்பால். திரும்பி வந்தது என்ன? தட்டு. மீன் முள்ளுகூட இல்ல!

சியாவோசி: முள்ளுமா?

லூபே: முள்ளும், தலையும்! விருந்தாளி மிச்சம் வைக்கிறதுதான் பிள்ளைங்களுக்கு. நீயும் நானும் அப்படித்தானே வளர்ந்தோம்? இவரு வந்ததுலருந்து நம்ம பிள்ளைங்க வாழைக்காயை அவிச்சுத் தின்னுட்டுப் படுக்குதுங்க. "வாத்தியாருக்கு எத்தனை வயிறும்மா"ன்னு கேக்குறா சின்னவ.

சியாவோசி: கொஞ்சமா வைக்கிறது...

லூபே: தட்டு காலியா வந்தா என்ன அர்த்தம்? பசி அடங்கலன்னு அர்த்தம். மறுநாள் கூட வச்சேன். காலி. இன்னும் கூட வச்சேன். அதுவும் காலி! வாயாலயே ஊரை ஆள்றியே, நீயே போய்ச் சொல்லேன்.

சியாவோசி: விருந்தாளிகிட்ட சாப்பாட்டைக் குறைன்னு சொல்லிட்டா, அப்புறம் என் பேச்சுக்கோலை முறிச்சு அடுப்புலதான் வைக்கணும்.

லூபே: வை. விறகும் தீர்ந்துபோச்சு.

சியாவோசி: ஆனா மழை கொட்டினாலும் பள்ளிக்கூடத்துக்கு வர்றது அவர் ஒருத்தர்தான்டி. அவர் போயிட்டா பெரியவனுக்குக் கணக்கு யாரு சொல்லித் தருவா? மெலெகியா? அது சரி... இவ்வளவு தின்னும் மனுஷன் ஏன் ஒல்லியாவே இருக்காரு?

லூபே: யாரும் துரத்தாமலே தினமும் கடற்கரையில ஓடுறாரே, அதுல கரைஞ்சிடும்போல. இவரு பரவாயில்ல, நம்ம கறுப்புப் பன்னியைப் பாரு. தேவாலயத் திறப்புக்கு அதைத்தானே கொண்டுபோறோம்? தோள்ல சுமக்க ஆளே வேணாம். கூடை போதும்.

சியாவோசி: அதை ஏன் ஞாபகப்படுத்துற! யார் பன்னி பெருசோ அவன்தான் அன்னைக்கு முதல்ல பேசுவான். மெலெகியோட வெள்ளைக்காதனைப் பாத்தியா? நடக்க மாட்டேங்குது, உருளுது! என்னடா போடுறன்னு கேட்டா, "ஜெபம்தான்"ங்கறான்.

லூபே: வாயை மூடு, வாத்தியார் வர்றாரு. பைபிள் படிச்சே நம்ம பேச்சைக் கத்துக்கிட்டவரு, பக்குவமாச் சொல்லு. நீ இப்பச் சொல்லலன்னா நாளைக்கு நானே சபையில வந்து நிப்பேன்.

கார்த்: இந்த வீட்டுக்குச் சமாதானம் உண்டாவதாக!

சியாவோசி: வாங்க வாத்தியாரே. உக்காருங்க. காலை நீட்டாதீங்க... ஆங், மடக்கிக்கணும். வந்து... கடல் பொங்கினா கரை தாங்கும். ஆனா கரையும் எத்தனை நாளைக்குத்தான்...

கார்த்: கடல் பொங்குகிறதா? எப்பொழுது?

சியாவோசி: நான் கடலைச் சொல்லல.

லூபே: தட்டைச் சொல்றாரு.

கார்த்: ஐயோ! தட்டில் ஏதேனும் மீந்திருந்ததோ? எங்கள் தேசத்தில், மிச்சம் வைக்கிறவன் சமைத்தவளை நிந்திக்கிறவன்.

லூபே: இங்க மிச்சம் வைக்காதவன்தான்...

சியாவோசி: லூபே!

லூபே: ...பசியோட இருக்கான்னு அர்த்தம். அதான் கூட்டிக் கூட்டி வச்சேன். மிச்சம் பிள்ளைங்களுக்கு, வாத்தியாரே. அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு.

கார்த்: பிள்ளைகளுக்கா...? கர்த்தாவே!

சியாவோசி: அட, மனசுல வச்சுக்காதீங்க. சாப்பிடுற வயசு. சாப்பிட்டீங்க.

கார்த்: இல்லை. மெய்யாகவே அறிக்கையிடுகிறேன். நான் அதை உண்ணவில்லை.

லூபே: என்னது? தட்டு கழுவின மாதிரி வந்துச்சே!

கார்த்: பாதிக்கு மேல் என் வயிறு ஏற்றுக்கொள்ளாது. தனியே உண்கிறேன் என்று உங்களை வேண்டிக்கொண்டதும் அதனாலேயே. மீந்ததை அனுதினமும் பின்புறத்து ஈரப்பலா மரத்தடியில்... பன்றிக்கு இட்டேன்.

லூபே: மீன் தலையை? தேங்காய்ப்பாலை? பன்னிக்கா?

கார்த்: உங்கள் பன்றிக்கல்லவா! தேவாலயத் திருநாளில் உங்களுக்கு மகிமை உண்டாகட்டுமென்று...

சியாவோசி: பாத்தியாடி! பாத்தியா! இவரைப் போயி... வாத்தியாரே, நாளைக்குப் பேச்சையே மாத்துறேன். "வானத்துப் புறாக்களே! தன் வாயைக் கட்டி, என் வீட்டுப் பன்றியைக் கொழுக்க வைத்த இந்த மகானை..."

லூபே: கொஞ்சம் இருய்யா. நம்ம பன்னி கூடைக்குள்ள அடங்குது. வாத்தியாரே, நீங்க போட்டீங்களே... அந்தப் பன்னி பாக்க எப்படி இருக்கும்?

கார்த்: மிகவும் சாந்தகுணமுள்ளது. கூப்பிட்டால் ஓடி வரும். ஒரு காது மாத்திரம் உறைந்த மழையைப்போல் வெண்மை.

சியாவோசி: வெள்ளைக்... காதா?

கார்த்: ஏன் இப்படிக் கேட்கிறீர்கள்? நான் ஏதும் பிழை செய்தேனோ?

லூபே: அது மெலெகியோட பன்னி.