தள்ளினால் திறக்கும் கதவு

இரவு பதினொன்றரை மணி. பைபாஸிலிருந்து உள்ளே பிரிகிற ரோடு. இரண்டு பக்கமும் வீடு கட்டாத மனைகள், ஒன்று விட்டு ஒன்று எரிகிற தெருவிளக்கு. ஒரு நாய்கூட இல்லை... டயர் கடையைப் பூட்டிவிட்டு ஒருத்தன் பைக்கில் வருகிறான். வீட்டு முன்னால் இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே தள்ளுகிறான். திரும்பி கேட்டை மூடப் போகும்போது, அவனை உரசிக்கொண்டு யாரோ உள்ளே நடந்து போனார்கள்.

ஆளைக் காணோம். சத்தம் மட்டும். ரப்பர் செருப்பு, ஒரு காலை இழுத்து நடக்கிற சத்தம். சர்ர்... டப். சர்ர்... டப். கூடவே ஒரு வாடை, ஃபினாயிலும் காயாத துணியும் கலந்த மாதிரி.

ஏம்மா, நீ எதற்குக் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறாய்? இந்தப் பேய் காலைப் பிடிக்காது. கதவைத் தட்டாது. பெயர் சொல்லிக் கூப்பிடாது. மூடிய கதவுக்குள் புகுந்தும் வராது. இதைவிட மரியாதை தெரிந்த பேயை நான் கேள்விப்பட்டதே இல்லை. மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளி வை, கரண்ட் வரும்போது வரட்டும். நாளையிலிருந்து நீங்கள் மூன்று பேரும் இந்த வீட்டில் நைட் டியூட்டி. மேலே தூங்குகிற நாலு பேரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ட்ரெய்னிங்கில் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பைக்கில் வந்தவன் என் சிநேகிதியின் புருஷன். அவள் நர்ஸ். நானும் அவளும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ஷிஃப்டில் குப்பை கொட்டியவர்கள். அவள் வாயாலேயே கேட்டது இது. அவனுக்கு 'அவர்' போட எனக்கு வாய் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒரு அண்ணன். மனவளர்ச்சி போதவில்லை என்று ஒன்பது வயதிலேயே ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே, உயரமான மதில், நீளமான வார்டு, வரிசையாக இரும்புக் கட்டில்கள். அங்கே எந்தக் கதவையும் உள்ளே இருப்பவர்கள் தொடக்கூடாது. சாவிக்கொத்து வைத்திருக்கிற ஆள் வந்து திறக்க வேண்டும். அதுவரை கதவு முன்னால் குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் அடி. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றவர் அவர். நிற்கிற அழகைப் பார்த்து 'கர்னல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பூட்டாத கதவாக இருக்கட்டும், லேசாகத் தள்ளினாலே திறக்கிற கதவாக இருக்கட்டும், கர்னல் நிற்பார். யாராவது திறந்துவிட்டால் அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போவார்.

பிறகுதான் அந்தப் பெரிய இல்லங்களை மூடிவிட்டு, ஊருக்குள்ளே வீடு எடுத்து, நாலு நாலு பேராகக் குடிவைப்பது என்று முடிவானது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. கர்னலுக்கும் பக்கத்துக் கட்டில்காரர்கள் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆமாம், இந்த வீடுதான். மேலே தூங்குகிறவர்களில் மூன்று பேர் அவர்கள்தான். இதற்கு நடுவில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். "யாராவது வீட்டுக்கே கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் சூப்பரின்டெண்ட். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நம்ம ஆள் எழுந்தான்.

"எங்கண்ணன் எங்கயும் போக வேண்டாம் சார். என் வீட்டுல அவருக்குத் தனி ரூம் இருக்கு. நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது அவரை யார்கிட்டயோ விடுவேனா?"

கைதட்டல். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்னலுக்கு ஒதுக்கியிருந்த இடம் அந்த வாரமே வேறொருவருக்குப் போனது.

என் சிநேகிதிக்குப் பெருமை தாங்கவில்லை. பின்பக்க அறையைக் காலி செய்து, பெயின்ட் அடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டாள். வீடு பழகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கர்னலைக் கூட்டி வந்தார்கள். கேட் முன்னால் நின்றார். வாசல் கதவு முன்னால் நின்றார். ஹால் கதவு முன்னால் நின்றார். கடைசியில் அந்த அறை. இவள் அவர் கையை எடுத்துக் கைப்பிடிமேல் வைத்தாள்.

"இது உங்க கதவு. யாரையும் கேக்க வேண்டாம். தள்ளுங்க அத்தான்."

அவர் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தாராம். அடுத்த ஞாயிறு கொஞ்சம் தள்ளினார். இவ்வளவு... ஒரு விரல் நுழைகிற அளவு. தள்ளிவிட்டு, அடி விழுமோ என்று தலையைக் குனிந்துகொண்டார். விழவில்லை என்றதும் சிரித்தார். "அடுத்த வாரம் முழுசாத் தொறந்துடுவார் பாரேன்," என்று எனக்கு போன் போட்டுச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. "அண்ணன் அவர் ஆளுங்களோட இருக்கறதுதான் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டார். அந்த வீட்டுல ராஜா மாதிரி இருக்கார். கொஞ்ச நாள் யாரும் போய்ப் பாக்கக் கூடாதாம்," என்றான் புருஷன். அழுதாள். ஆனாலும் நம்பினாள். கட்டினவன் சொன்னால் நம்பத்தானே செய்வோம்? அவன் புது மெத்தைமேல் டயர்களை அடுக்கி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அந்த ராத்திரி, அந்த கேட், அந்தச் சத்தம்.

கேட்டோடு நின்றிருந்தால் பிரமை என்று விட்டிருப்பான். மறுநாள் ராத்திரி வாசல் கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம். மூக்கடைத்தவர்கள் வாயால் விடுவார்களே, அந்த மாதிரி. தட்டவில்லை. அசையவில்லை. விடிய விடிய நின்றது. இருட்டு பிரிவதற்கு முன் பால் பாக்கெட் எடுக்க இவள் கதவைத் திறந்தாள். முகத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. ஃபினாயில் வாடை உள்ளே போயிற்று.

அன்றிலிருந்து ஹால் கதவு. உள்ளே இவர்கள் படுத்திருக்க, அந்தப் பக்கம் மூச்சு. "யாரும் கதவைத் திறக்காதீங்க!" என்று அவன் தூக்கத்தில் கத்துவான். ஒரு ராத்திரி அவனே தண்ணீர் குடிக்கத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய்த் திறந்துவிட்டான். சர்ர்... டப். சர்ர்... டப். அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே வந்தது. காலையில் பார்த்தால், பூட்டிக் கிடக்கிற பின்னறைக் கதவுக்கு முன்னால் தரையில் இரண்டு ஈரப் பாதங்கள். குதிகால் இரண்டும் ஒட்டி, நேராக.

அப்படி நிற்கிறவர் உலகத்திலேயே ஒருத்தரைத்தான் என் சிநேகிதிக்குத் தெரியும்.

அவருக்கென்று வாங்கி வைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தாள். அப்போது நான் இந்த வேலைக்குச் சேரவில்லை. கதவைத் திறந்த வார்டனிடம், "எங்க அத்தானைப் பாக்கணும்," என்றாள். வார்டன் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

இல்லத்தை மூடின நாள். நாலு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். கர்னல் காலையிலிருந்தே இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பையுமாகத் தயார். ஒரே களேபரம், வேன்கள் வருவதும் போவதுமாக. ஓர் ஆயா அவரைப் பக்கவாட்டு வழியில் நிறுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, நடுவில் ஆள் நிற்கிற இடம். "வெயில்ல நிக்காதீங்க, தம்பி வந்துடுவார்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கடைசி வேன் கிளம்பும்போது, தம்பி வந்து கூட்டிப் போயிருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மதில் கேட்டைப் பூட்டினார்கள். தம்பி டயர் கடையில் உட்கார்ந்திருந்தான், போனை ஆஃப் செய்துவிட்டு. நாம் போகாமல் இருந்துவிட்டால் அவர்களே எங்கேயாவது சேர்த்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான், பாவி.

இரும்புக் கட்டில்களை ஏற்ற வந்த ஆட்கள்தான் பல நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கதவுக்கும் பூட்டில்லை. தாழ்ப்பாளும் போடவில்லை. தள்ளினால் போதும். பை அவர் கையிலேயே இருந்தது.

"அவர் கூப்பிடலையாக்கா?" என்று கேட்கிறாயா? கதவு முன்னால் நிற்கும்போது வாயைத் திறந்தால் அடி என்று சொன்னேனே.

தம்பியை வரவழைத்து உடலைக் காட்டினார்கள். காரியத்தை முடித்துவிட்டு நேரே கடைக்குப் போனான். பெண்டாட்டியிடம் சரக்கு எடுக்கப் போயிருந்ததாகச் சொல்லியிருக்கிறான். அன்று ராத்திரி கடை பூட்டிவிட்டு வரும்போதுதான் அந்த கேட்.

இவள் வீட்டுக்கு வந்தாள். கையை நீட்டினாள். "சாவி." அவன் காலில் விழுந்தான், கெஞ்சினான். வாங்கித் திறந்தாள். டயர்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டினாள். மெத்தையைத் துடைத்து, கதவை அகலத் திறந்து வைத்து, ராத்திரி முழுக்க ஹாலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் உள்ளே போகவில்லை. விடிந்ததும் பார்த்தாள். பாதங்கள் இடம் மாறியிருந்தன. இப்போது அவன் படுத்திருந்த அறையின் கதவு முன்னால்.

அவருக்கு அறை வேண்டியிருக்கவில்லை. தம்பி வந்துவிடுவான் என்றுதானே சொல்லி நிறுத்தியிருந்தார்கள்? அவர் இன்னும் அதை நம்பிக்கொண்டிருந்தார். என் சிநேகிதியால்தான் நம்ப முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்று, "அவரையும் ஏமாத்தினான், என்னையும் ஏமாத்தினான். ரெண்டு பேரும் ஒரே ஆளை நம்பினோம்," என்று சொல்லி அழுதாள்.

அவன் தனியாகத்தான் இருந்தான். இருட்டுவதற்கு முன்பே படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான், நன்றாக விடிந்த பிறகுதான் திறப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். திறக்காதவரை அவர் உள்ளே வர மாட்டார். அது அவனுக்கும் தெரியும்.

ஒரு நாள் நடுராத்திரி அவள் போன் அடித்தது. நானும் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். அவன்தான். குசுகுசுவென்று பேசினான்.

"தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் படுத்தேன்... இப்ப பாத்தா கழண்டு கீழ கிடக்கு. கதவு தொறந்திருக்குடி. கொஞ்சம்தான்... ஒரு விரல் நுழையற அளவு."

 போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. முதலில் அவனுடையது என்றுதான் நினைத்தேன்... மூக்கடைத்த மூச்சு. அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவனிடம் பேசவில்லை.

"பயப்படாதீங்க. யாரும் அடிக்க மாட்டாங்க," என்றாள். "யாரையும் கேக்க வேண்டாம். தள்ளுங்க அத்தான்."

கதவு கிறீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள், சின்னப் பிள்ளை சிரிக்கிற மாதிரி. பிறகு...

சர்ர்... டப்.

சர்ர்... டப்.