லும்பி மானைத் துரத்தவில்லை

என் பெயர் வால்புர்கா டென்கல். வயது ஐம்பத்தெட்டு. டிரோல் மாநிலம், ஓபர்கார் கிராமத்தில் தேவாலயத்துக்குப் பின்புறமுள்ள வீட்டில் நானும் என் நாய் லும்பியும் குடியிருந்து வந்தோம். ரோப் காரின் அடிவார நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வேட்டைக்காரர்கள் ஏறி உட்காரும் வேட்டைச் சங்கத்தின் மரப் பரணை அறுத்துத் தள்ளியதாக என் மேல் வந்துள்ள புகாரைக் காவலர் ரூப்பர்ட் எனக்குப் படித்துக் காட்டினார். ரூப்பர்ட்டும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்தான். அதையும் இந்த வாக்குமூலத்தில் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

பனிக்காலத்தில் வேலைக்குப் போகுமுன் நானும் லும்பியும் ஓடைப் பாதையில் மேல் பாலம்வரை நடந்துவிட்டு வருவது வழக்கம். லும்பிக்கு வயது பதின்மூன்று. இடுப்பு தேய்ந்துவிட்டது. புதுப்பனி விழுந்த நாட்களில் நான் முன்னால் போய் மிதித்துக் கொடுத்த தடத்தில்தான் அது நடக்கும். பாலத்துக்குச் சற்று முன்னால் பாதை முழுக்க வழுக்குப் பனிக்கட்டி. அங்கே நாயைக் கயிற்றில் பிடித்திருந்தால் அது வழுக்கும்போது நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் என்பதால், ஊரில் எல்லோரும் அந்த இடத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். சங்கத் தலைவர் ஆல்வினும் தம் நாயை அங்கே அவிழ்த்துத்தான் விடுகிறார்.

பனிக்காலத்தில் மான்களுக்குத் தீவனம் வைப்பது சங்கத்தின் பொறுப்பு. தீவனத் தொட்டி எப்போதும் மேல்காட்டில்தான் இருந்தது. இந்த வருடம், எங்கள் ஊர்ப் பெரிய விடுதியிலிருந்து குதிரை பூட்டிய பனிவண்டியில் வரும் விருந்தினர்கள் உட்கார்ந்தபடியே மான் பார்க்க வேண்டுமென்று, ஆல்வின் தொட்டியைப் பாலத்தடிக்கு இறக்கிவிட்டார், பக்கத்திலேயே ஒரு பரணும் கட்டினார். நான் அப்போதே போய்க் கேட்டேன். "ஜனங்க நாயோட நடக்கிற வழி இது. இங்க கொண்டாந்து தீனி வெச்சா எப்படி?" "மானுக்குப் பசிக்குது. உனக்கு நடக்கணும்னா ரோட்டுல நட" என்றார். "பசி மானுக்கா, விடுதிக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடந்த வியாழக்கிழமை காலை அந்த வழுக்கும் இடத்தில் லும்பியை அவிழ்த்துவிட்டு, குனிந்து என் காலணிகளுக்கு, வழுக்காமல் இருக்க, ஆணிப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். லும்பி தொட்டிப் பக்கம் போனது. தொட்டியில் ஆப்பிள் சக்கை கொட்டியிருந்தார்கள். லும்பிக்குச் சக்கை என்றால் உயிர், அதற்காக மிதிக்காத பனியிலும் இறங்கும். அதன் பிறகு சுடும் சத்தம் கேட்டது. ஒரு பட்டை மாட்டியும் ஒன்று மாட்டாமலும் ஓடிப்போய்ப் பார்த்தபோது லும்பி தொட்டிக்கு அடியில் கிடந்தது. வாயில் பாதி மென்ற சக்கை இருந்தது. ஓடுகிற நாய் மென்றுகொண்டே ஓடாது.

அதன் பிறகு ஆல்வின் பரணிலிருந்து இறங்கி வந்தார். "மானைத் துரத்திச்சு. துரத்துற நாயைச் சுடலாம்னு சட்டம் இருக்கு, சுட்டேன்" என்றார். எந்த மானை என்று கேட்டேன். காட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். முந்தின இரவு விழுந்த பனி கலையாமல் கிடந்தது. அதில் மான் குளம்பு ஒன்றுகூடப் பதியவில்லை. எங்கள் இருவர் காலடியை விட்டால், பாதையிலிருந்து தொட்டிவரை லும்பியின் கால்தடம் மட்டும் இருந்தது, அதுவும் பின்கால் இழுத்து நடந்த தடம். அன்று பத்து மணிக்குப் பனிவண்டி வரவிருந்தது. தொட்டியருகே நாய் நின்றால் மான் எட்டிப் பார்க்காது. விஷயம் அவ்வளவுதான். "கிழட்டு நாய்தானே, எப்படியும் அடுத்த பனியைப் பாத்திருக்காது" என்றும் சொன்னார். அங்கேயே நின்றிருந்தால் கை நீட்டியிருப்பேன். லும்பியை என் மேலங்கியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நிலம் உறைந்து கிடப்பதால் புதைக்க முடியவில்லை. இன்றைக்கும் அது என் விறகுக் கொட்டகையில்தான் இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு ரம்பத்தை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்ப் பரணின் கால்களை அறுத்தேன். ஒளிந்து செய்யவில்லை. பூசைக்கு வந்தவர்கள் பாதி பேர் அந்த வழியாக நடந்துபோனார்கள், வணக்கமும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கசியன் நின்று, "என்னம்மா, சங்கத்துல உன்னையா வேலைக்கு விட்டிருக்காங்க?" என்றார். "இந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க" என்றேன். பிடித்தார். எங்கள் ஊரில் ரம்பத்தோடு ஒருத்தர் நின்றால் கை கொடுக்காமல் தாண்டிப் போக மாட்டார்கள். பரண் சாய்ந்து விழுந்த பிறகுதான், "நல்ல மரமாவுல்ல இருந்துச்சு" என்றார். கசியனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மறுநாள் ஆல்வின் என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார். "நாய் துரத்திச்சுன்னு ஒரு வரி ஒத்துக்க. புகாரை வாபஸ் வாங்கிடறேன். செத்த நாய்க்கு என்ன பேரா கெட்டுப்போகுது?" என்றார். ரோப் காரும் பனிவண்டி விடும் அந்த விடுதிக்காரருடையதுதான். வழக்கில் தண்டனையானால் என் வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "மேல போறதா இருந்தா டிக்கெட் எடுங்க. இல்லேன்னா வரிசையை விட்டு நகருங்க" என்றேன்.

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போது ரூப்பர்ட் பேனாவை வைத்துவிட்டு, "பரணை வெட்டுனதுக்கு வருத்தப்படறேன்னு ஒரு வரி போட்டுக்கட்டுமா? நீதிபதி குறைச்சுப் போடுவாரு" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு வருத்தம் இருக்கிறது. அது பரணுக்காக அல்ல.

பரணை அறுத்தது நான்தான். லும்பி மானைத் துரத்தவில்லை. இவ்விரண்டையும் யார் வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லியிருக்கிறேன். முதலாவதை ஏற்றுக்கொள்பவர்கள் இரண்டாவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதன் பிறகு, தாளை வாங்கி நானும் ஒரு தடவை படித்து, வருத்தப்படுகிறேன் என்ற வரி எங்கும் நுழையவில்லை என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வால்புர்கா டென்கல்